"மாத்திப் பார்த்துடலாம் சார்!"

காலை எட்டு மணி. ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. 'டக்... டக்...' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருமுனை மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் திறக்கிறார். இரண்டு நொடி பார்க்கிறார். "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்."

புது பேட்டரி வருகிறது, பழையது எக்ஸ்சேஞ்சில் போகிறது. வண்டி ஜம்மென்று கிளம்புகிறது. மூன்றே வாரம். மறுபடி அதே காலை, அதே 'டக் டக்'. இந்த முறை தீர்ப்பு, "டைனமோ சார்ஜ் பண்ணல சார், மாத்திப் பார்த்துடலாம்." அதுவும் மாற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் கழித்து வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்து அரை உயிரில் தொங்குவதைக் காட்டுகிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். வேலை முடிந்தது.

பேட்டரியும் நல்லது, டைனமோவும் நல்லது. பல்லாயிரம் ரூபாய்க்கு மாற்றப்பட்ட இரண்டுமே மாற்றத் தேவையில்லாதவை!

சென்னையிலோ மதுரையிலோ கார் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கும். பேட்டரிக்குப் பதில் ஏசி கம்ப்ரஸர், டைனமோவுக்குப் பதில் ஃப்யூவல் பம்ப். ஆள் மாறும், பார்ட் மாறும், வசனம் மட்டும் மாறாது: "மாத்திப் பார்த்துடலாம் சார்."

பழுது 'பார்ப்பது' என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். அந்தப் பார்ப்பதுதான் நடப்பதே இல்லை. மாற்றுவது மட்டும் நடக்கிறது.

இதற்கு எல்லோரும் உடனே மெக்கானிக்கைத் திட்டுவார்கள். ஏமாற்றுக்காரர்கள், கமிஷன் அடிக்கிறார்கள், இத்யாதி. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பாதிக் குற்றம் வண்டிக்காரர் மேல்தான். யோசித்துப் பாருங்கள். ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் வெயிலில் மண்டியிட்டு, டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தேடி, கழன்று கிடந்த ஒரு கனெக்டரைக் கண்டுபிடித்துச் சொருகுகிறார். ஐநூறு ரூபாய் கேட்கிறார். வண்டிக்காரர் என்ன சொல்வார்? "ஒரு ஒயரைச் சொருகினதுக்கு ஐநூறா?" அதே மெக்கானிக் பத்து நிமிடத்தில் ஆறாயிரம் ரூபாய் பார்ட்டை மாற்றி, கூலி ஐநூறு என்றால் வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுப்பார். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். இப்படி நாலு தடவை அவமானப்பட்ட மெக்கானிக் ஐந்தாவது தடவை ஏன் தேடப் போகிறார்? மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இந்த வியாபாரத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது வாடிக்கையாளர்தான்.

டாக்டரிடம் போனால் ஃபீஸ் கொடுக்கிறோம். "ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பினாலும் கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கத் தனிக்கட்டணம் என்பது ஒர்க்‌ஷாப்பில் வழக்கமாக வேண்டும், அதை முணுமுணுக்காமல் கொடுக்கவும் வேண்டும். இது மெக்கானிக்குக் காட்டும் தயவு இல்லை. வண்டிக்காரரின் பர்ஸுக்குத்தான் லாபம்.

சரி, அந்த 'டக் டக்' கேஸுக்கே வருவோம். தேவைப்பட்டதெல்லாம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர். இரவெல்லாம் ஓய்வில் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் டைனமோ தன் வேலையைச் செய்கிறது. ஸ்டார்ட் செய்கிற அந்த நொடியில் வோல்ட்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் இழுக்கிறது என்றால்? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொரு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. முடிந்தது கதை. மொத்தம் பத்து நிமிட வேலை. எர்த் சரியில்லாததால் சார்ஜும் ஒழுங்காக ஏறவில்லை, புது பேட்டரி கடையிலிருந்து கொண்டு வந்த சார்ஜைத் தின்று மூன்று வாரம் ஓட்டியது, அவ்வளவுதான் நடந்தது.

கடற்கரை ஊர்களில் இது இன்னும் சகஜம். உப்புக் காற்று பேட்டரி டெர்மினலிலும் எர்த் போல்ட்டிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். கொஞ்சம் வெந்நீர், ஒரு பழைய டூத் பிரஷ், துடைத்துக் காயவைத்துக் கொஞ்சம் வாசலின். (முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மறந்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீபாவளிதான்.)

"இப்போதுதான் ஸ்கேனர் வந்துவிட்டதே, எல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே?" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கேதான் புது மோசடி ஆரம்பம். மோசடி என்பதுகூடத் தப்பு, புது சோம்பேறித்தனம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி-2 கட்டாயம். இந்தியாவில் அது 2013 ஏப்ரலில் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் எஞ்சினின் கம்ப்யூட்டர் தன் மனக்குறைகளை எண்களாகக் கொட்டும். பி 0300 என்றால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது. பி 0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. 'நினைக்கிறது' என்பதுதான் முக்கியம்.

பி 0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். இந்தச் சேதியைக் கொண்டு வருவது ஆக்ஸிஜன் சென்சார். நிறைய இடங்களில் என்ன செய்கிறார்கள்? ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள்! எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அந்தப் பாவப்பட்ட சென்சார் உண்மையைத்தான் சொன்னது. நிஜமான காரணம் வெடித்துப் போன ஒரு வேக்குவம் ஹோஸாக இருக்கும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயில் ஒரு கீறலாக இருக்கும். அடைத்துக்கொண்ட இன்ஜெக்டராகவோ தளர்ந்த பம்ப்பாகவோ இருக்கும். வேக்குவம் கசிவென்றால் ஐடிலில் தகராறு அதிகம், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் குறையும். பெட்ரோல் போதவில்லை என்றால் நேர் எதிர், மிதிக்க மிதிக்க மோசமாகும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு மனித மண்டை வேண்டும். ஸ்கேனர் எந்தத் தெருவில் வீடு என்று சொல்லும், கதவைத் தட்ட வேண்டியது மெக்கானிக்தான்.

கோடை அழித்துவிட்டு "லைட் போயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? காய்ச்சல்காரன் வீட்டில் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

அதற்காகப் பழைய ஆட்கள் எல்லாம் மேதைகள், மாருதி 800 காலம்தான் பொற்காலம் என்று உருகுவதும் சரியில்லை. காதை வைத்தே வால்வு செட்டிங் சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இருந்தார்கள், உண்மை. அதே ஆட்கள் விட்டுப்போன சில வியாதிகளும் இருக்கின்றன. முதல் வியாதி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது.

வண்டி ஹீட் ஆகிறது என்று கொண்டு போனால் நம்மூரில் பல இடங்களில் நடக்கும் முதல் வைத்தியம் இது. "இதெல்லாம் குளிர் நாட்டுக்கு சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட் என்பது ஹீட்டர் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறக்குறைய 82-லிருந்து 88 டிகிரி வரும் வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மூடி நிற்கும் ஒரு வால்வு. எஞ்சின் சீக்கிரம் சூடாகி அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதைக் கழற்றினால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், ஹைவேயில் போனால் வரவே வராது. கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? எஞ்சின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, பெட்ரோல் கூடக் கொடு. மைலேஜ் போச்சு, ஆயில் கெட்டுப் போச்சு, எஞ்சின் தேய்மானம் கூடிப் போச்சு. சில எஞ்சின்களில் இன்னும் வேடிக்கை. சூடானதும் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாததால் தண்ணீர் ரேடியேட்டருக்கே முழுதாகப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, வண்டி முன்பைவிட ஹீட் ஆகும்!

இரண்டாவது வியாதி, ஃபேனை 'டைரக்ட்' பண்ணுவது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. காரணம் ரிலேவாக இருக்கலாம், ஃப்யூஸாக இருக்கலாம், சென்சாராக இருக்கலாம், மோட்டாராகவே இருக்கலாம். தேட வேண்டும். தேடாமல் இக்னிஷனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஃபேனுக்கு நேராகக் கொடுத்துவிடுவார்கள். சாவி போட்டால் ஃபேன் ஓடும், சாவி எடுத்தால் நிற்கும். வண்டிக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒயர் ஃபேன் இழுக்கும் ஆம்பியரைத் தாங்குகிற தடிமனா, நடுவில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒயர் உருகி பானெட்டுக்குள் புகை வந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, போர் தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் பக்கெட்டில் இருப்பதை ஊற்றுவது. சென்னைப் புறநகரின் போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும், அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. அது கொதிநிலையை ஏற்றுகிறது, அலுமினிய ஹெட் அரிக்காமல் காக்கிறது. கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. நடுவழியில் வேறு கதியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், தப்பில்லை. ஊர் திரும்பியதும் அதை இறக்கிவிட்டு ஒழுங்காக நிரப்ப வேண்டும், அவ்வளவே.

ஊற்றுவது பற்றிப் பேசும்போது, சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் காத்திருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்பதெல்லாம் வீரம் இல்லை. ஹீட் ஆனால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் டீ குடித்துவிட்டு வரலாம். "பக்கத்துலதான் வீடு, போயிடலாம்" என்று ஓட்டிய அந்த மூன்று கிலோமீட்டரில்தான் ஹெட் கேஸ்கெட் போகும். அப்புறம் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே காபி கலரில் நுரை, சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை. காலையில் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவி வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம்.

வண்டிக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. ஒழுங்காகச் சொல்வது. "வண்டி என்னமோ மாதிரி இருக்கு" என்று சொன்னால் மெக்கானிக்கும் என்னமோ மாதிரிதான் ரிப்பேர் செய்வார். எப்போது சத்தம் வருகிறது, குளிர்ந்த வண்டியிலா சூடானதிலா, பிரேக் மிதிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பும்போது 'டிக் டிக் டிக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகம் ஏற ஏற 'ஊ...' என்று ஊளை கூடினால் வீல் பேரிங், சில சமயம் ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர். காலியான ரோட்டில் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் வேகம் இறங்கும், வண்டி வேகம் அப்படியே இருக்கும். சத்தம் எதனுடன் போகிறது என்று பார்த்தாலே எஞ்சின் பக்கமா சக்கரத்தின் பக்கமா என்று பாதி விடை கிடைத்துவிடும். சத்தத்தை செல்போனில் ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனதும் எந்தச் சத்தமும் வராமல் சமர்த்தாக நிற்பது வண்டிகளின் பிறவிக் குணம் :-)

பிரேக் மட்டும் விதிவிலக்கு. அங்கே பரிசோதனைகள் வேண்டாம், தெரிந்தவரிடம் உடனே போக வேண்டும். ஆனால் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். 'கீச்' என்றால் பேட் தேய்ந்துவிட்டதென்று எச்சரிக்கை. 'கர்ர்' என்று இரும்பும் இரும்பும் உரசினால் எச்சரிக்கைக் காலம் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் ஜாம் ஆகியிருக்கலாம். யாருமே கண்டுகொள்ளாதது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 என்று வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் ஓட்டுகிற வரை வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகவோ பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவியை அழுத்தினால் அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மலை இறங்கும்போது செகண்ட் கியரில் இறங்கினால் போதும். 'கியரில் இறங்கினால் எஞ்சின் கெட்டுவிடும்' என்று நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் ஐடிலுக்கு என்று குடிக்கின்றன.

'மாத்திப் பார்த்துடலாம்' போலவே இன்னொரு வசனம் உண்டு. "ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்." 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீரில் மூழ்கியதாலேயே எஞ்சின் சாகாது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பியதால்தான் பல எஞ்சின்கள் செத்தன. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளையும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். மூழ்கிய வண்டியில் செய்ய வேண்டியது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போவது. ஈ.எம்.ஐ. பாக்கி இருக்கும் ஒரு கால்டாக்சி ஓட்டுநருக்கு அந்த ஒரு திருப்பல் ஒரு வருடச் சம்பாத்தியம்.

அந்த ஓட்டுநர்கள் பெரும்பாலும் போவது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அல்ல, தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குத்தான். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பார்ட் தேடி அலையும் அந்தச் சின்ன மெக்கானிக், ஒழுங்காகக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டாலும் முடிகிறதா? ஒயரிங் படம், கம்பெனி ஸ்கேனர், ரிப்பேர் மேனுவல் இவையெல்லாம் பல காலமாக அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப்பட்டிருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளமும் ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் கஸ்டமர் கேர் நம்பரும் வாரண்டி விவரமும் மெக்கானிக்குக்குப் போதாது. ஒயரிங் படம் வேண்டும். அது தெருமுனைக்கு வராத வரை அவர் 'மாத்திப் பார்த்து'தான் ஆக வேண்டும், பாவம், அவருக்கும் வேறு வழி கிடையாது.

அதுவரை வண்டிக்காரர் கையில் இருப்பது இரண்டு கேள்விகள். "எதை வைத்து இதுதான் என்று சொல்கிறீர்கள்?" என்பது ஒன்று. "கழற்றிய பழைய பார்ட்டைக் கொடுங்கள்" என்பது இன்னொன்று, அது கேள்விகூட இல்லை. முதல் கேள்விக்கு "12.1 வோல்ட்தான் இருக்கு, இங்க பாருங்க" என்று மீட்டரைத் திருப்பிக் காட்டுபவர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது, கேட்கிற ஐநூறைக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் சொன்ன அந்த பேட்டரி? எக்ஸ்சேஞ்சில் எழுநூறு ரூபாய் கழித்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். இந்நேரம் அது வேறு யாருடைய வண்டியிலோ தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.